பெண்களும் குத்துச்சண்டையும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விளையாட்டைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். கோவில்பட்டியில் விளையாட்டு என்றால் ஹாக்கிதான். இந்த ஊருக்கு 'ஹாக்கிப்பட்டி' என்றே பெயர். 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் நம்ம ஊர் மாரீஸ்வரனும், இங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் இந்திய அணிக்கு ஆடியபோது நாம் எல்லோரும் பூரித்துப் போனோம். ஆனால் அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது வேறு.

பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிச் சில வருஷங்களாக எங்களிடம் வரும் பெண் பிள்ளைகள் கபடி, ஹாக்கி என்பதோடு குத்துச்சண்டை என்றும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். 2016-இல் வந்த 'இறுதிச்சுற்று' படம் ஒரு காரணம். மேரி கோம் இன்னொரு காரணம். பிள்ளை கேட்ட மறுநாளே தாயார் வந்து நிற்பார். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற வழியில் வாசலிலேயே நின்று பேசுவார். "டீச்சர், பொம்பளப்பிள்ளை மூஞ்சியில அடி வாங்கிட்டு வந்தா நாளைக்கு எவன் கட்டிக்கிடுவான்?" இது தாயாரின் கேள்வி. பிள்ளையின் கேள்வி வேறு. "டீச்சர், மெடல் வாங்குனா போதுமா? புரொபஷனலா ஆனாத்தானே கோடிக்கணக்குல காசு?"

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன். அதில் முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

நிறையப் பேர் அமெச்சூர் என்பது கீழ்ப்படி, புரொபஷனல் என்பது மேல்படி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டும் வேறு வேறு தொழில். அமெச்சூரில் நாட்டுக்காக, மாநிலத்துக்காக ஆடுகிறோம். ஒரு போட்டியில் மூன்று நிமிஷ ரவுண்டு மூன்று, ஆக ஒன்பது நிமிஷம். பெண்களுக்குத் தலைக்காப்பு உண்டு. கையுறை 10 அவுன்ஸ். ஒரே வாரத்தில் நாலைந்து பேரோடு மோத வேண்டும்; மோதுகிற நாளில் காலையில் எடை பார்ப்பார்கள். தொழில்முறைப் போட்டியில் தலைக்காப்பு கிடையாது. எடை குறைந்த பிரிவுகளில் கையுறை 8 அவுன்ஸ்தான். பெண்களுக்குப் பட்டப் போட்டி என்றால் பொதுவாக இரண்டு நிமிஷ ரவுண்டு பத்து, ஆக இருபது நிமிஷம். எடையை முதல் நாளே பார்த்துவிடுவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம், டிக்கெட் விற்றால்தான் அங்கே சண்டை. புரமோட்டர் வேண்டும், மேனேஜர் வேண்டும், டி.வி.க்காரர் வேண்டும். வருகிற பணத்தில் பயிற்சியாளருக்கும் மேனேஜருக்கும் பங்கு போக மிச்சம்தான் நமக்கு.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மணிப்பூரைச் சேர்ந்த எல். சரிதா தேவி. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 2006-இல் டில்லியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்தியப் பெண்கள் நான்கு தங்கம் வென்றார்கள். மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி, கேரளத்து லேகா. அதற்கு முன்பே 2005-இல் மணிப்பூர் காவல்துறை சரிதாவுக்கு சப்-இன்ஸ்பெக்டர் வேலை கொடுத்திருந்தது, பிறகு டி.எஸ்.பி. ஆனார்.

2012 லண்டனில்தான் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக வந்தது. எடைப்பிரிவு மூன்றே மூன்று: 51, 60, 75 கிலோ. மேரி கோம் எடையைக் கூட்டி 51 கிலோவில் வெண்கலம் வாங்கினார். சரிதாவுக்கு லண்டன் வாய்க்கவில்லை. 2013-இல் மகன் பிறந்தான். பிள்ளை பெற்றவள் இனி எங்கே என்று ஊர் பேசும் அல்லவா? 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெள்ளியோடு வந்து நின்றார்.

அதே ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் அரையிறுதியில் தென் கொரியப் பெண்ணிடம் அவர் தோற்றதாகத் தீர்ப்பு வந்தது. பார்த்தவர்கள் பலரும் திகைத்தார்கள். பரிசளிப்பு மேடையில் அழுதுகொண்டே தன் வெண்கலத்தை அந்தக் கொரியப் பெண்ணின் கழுத்திலேயே போட்டுவிட்டார் சரிதா. பிறகு மன்னிப்புக் கேட்டும், சர்வதேச சங்கம் ஓராண்டு தடை விதித்தது. தடை முடிந்து வந்தும் 2016 ரியோவுக்குத் தகுதி கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் தொழில்முறைக்கு வந்தார். 2017 ஜனவரி 29 அன்று இம்பாலில், சொந்த மக்கள் முன்னால், ஹங்கேரியின் ஜோஃபியா பெடோவை வென்றார். அப்போது வயது 34. சரி, அடுத்தது என்ன? கோடியா கொட்டியது? இல்லை. இந்தியாவில் பெண்களுக்கு அடுத்தடுத்துப் போட்டி நடத்தும் அளவுக்கு அந்தச் சந்தை வளரவில்லை. அவர் அமெச்சூருக்கே திரும்பினார். 2018-இல் டில்லி உலகச் சாம்பியன்ஷிப்பில் இறங்கினார். 2019-இல் பாங்காக் ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். முன்பெல்லாம் புரொபஷனலுக்குப் போனவருக்கு ஒலிம்பிக் கதவு அடைக்கப்பட்டிருக்கும். 2016-இல்தான் அந்த விதி தளர்ந்தது.

இப்போது அயர்லாந்தின் கேட்டி டெய்லரைப் பாருங்கள். சிறுமியாக இருந்தபோது பெண்களுக்குப் போட்டியே கிடையாது என்பதால், தலைமுடியைத் தலைக்காப்புக்குள் ஒளித்துக்கொண்டு பையன்களோடு மோதியவர். லண்டனில் 60 கிலோ தங்கம். ரியோவில் காலிறுதியில் தோல்வி. அதே 2016 நவம்பரில் தொழில்முறைக்கு வந்தார். 2022 ஏப்ரல் 30 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அமாண்டா செரானோவோடு மோதியபோது அரங்கம் நிறைந்து வழிந்தது. இருவருக்கும் பத்து லட்சம் டாலருக்குக் குறையாத பணம் என்று பத்திரிகைகள் எழுதின. அதே இருவர் 2024-இலும் 2025-இலும் மீண்டும் மோதினார்கள். மூன்றிலும் டெய்லரே வென்றார்.

சரிதாவுக்குத் திறமை குறைவா? அப்படிச் சொல்ல மாட்டேன். டெய்லருக்குப் பின்னால் டிக்கெட் வாங்கும் கூட்டமும், காட்டும் டி.வி.யும், பணம் போடும் புரமோட்டரும் இருந்தார்கள். சரிதாவுக்குப் பின்னால் அது இல்லை. ஆனால் அவருக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. அந்த ஒரு பிடிமானம்தான் 34 வயதில் புதுக் களத்தில் இறங்கிப் பார்க்கவும், சரிப்படவில்லை என்றால் தலை நிமிர்ந்து திரும்பவும் அவருக்குத் தைரியம் தந்தது என்று நான் நினைக்கிறேன்.

கரிசக்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தொழில்முறைக் குத்துச்சண்டை மானாவாரி வெள்ளாமை மாதிரி. மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் அள்ளிக் கொடுக்கும். பெய்யவில்லை என்றால் விதைத்த விதையும் போச்சு. வேலையோடு சேர்ந்த அமெச்சூர் ஆட்டம் கிணற்றுப் பாசனம். கிணறு இருக்கிறவன் பக்கத்தில் நாலு குறுக்கம் மானாவாரியும் போட்டுப் பார்க்கலாம்.

ஆகவே தங்கைகளே, ஆசைப்படுங்கள், தடையில்லை. ஆனால் டிகிரியை விடாதீர்கள். ரயில்வே, காவல்துறை, ராணுவம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலையைப் பிடியுங்கள். எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தலையில் அடிபட்டால், தலைக்காப்பு போட்டிருந்தாலும், டாக்டர் சொல்லும்வரை ரிங்கில் ஏறாதீர்கள். தலைக்காப்பு வெட்டுக்காயத்தைக் குறைக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுசாகத் தடுக்காது.

அந்தத் தாயாருக்கும் பதில் சொல்ல வேண்டும். "அம்மா, உங்க மக சொந்தச் சம்பளத்துல நின்னா, கட்டிக்கிடுறது யாருங்கிறதை அவளே பார்த்துக்கிடுவா."

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழா எடுக்கிறோம், மலர் போடுகிறோம், நல்லது. இந்தக் கல்லூரியில் விளையாடும் பெண் பிள்ளைகளில் பலர் காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு மைதானத்துக்கு வருகிறவர்கள். தினம் இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், கைநிறையக் கடலை மிட்டாய், ஆளுக்கு ஒரு விபத்துக் காப்பீடு. சங்கம் நினைத்தால் இந்த ஆண்டே தொடங்கலாம். என் பங்காக ஒரு மாத ஓய்வூதியத்தைத் தருகிறேன். இன்றே செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். மற்றவர்களும் இயன்றதைத் தாருங்கள்.