மார்பக ஆபரேஷன்: முன்னும் பின்னும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். சில இடங்களில் பேச்சு வழக்கு அப்படியே விடப்பட்டுள்ளது.)



அழைப்பிதழில் என் தலைப்பைப் 'பெண்கள் உடல்நலம்' என்று போட்டிருக்கிறார்கள். செயலாளரிடம் நான் சொன்ன தலைப்பு வேறே. "அக்கா, அதை அப்படியே அச்சடிச்சா நல்லா இருக்காதுக்கா" என்றார். தம்பி சங்கடப்படுகிறார், போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் பேசப்போவது நான் சொன்னதைத்தான். மார்பகத்தைப் பெரிதாக்கவும் சீராக்கவும் செய்கிற ஆபரேஷனுக்கு எப்படித் தயாராவது, முடிந்தபின் எப்படித் தேறி வருவது என்பதுதான் விஷயம். பின்வரிசைத் தம்பிகள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்பிள்ளைக்கு மார்பு வளர்ந்துவிடுகிற கைனகோமாஸ்டியாவுக்காக எங்கள் வார்டில் வந்து படுத்தவர்களில் உங்கள் வயசுக்காரர்கள் எத்தனையோ பேர். கிணற்றில் குளிக்கக்கூட சட்டையைக் கழற்றாமல் வளர்ந்த பையன்கள்.

நான் குருவிகுளத்துக்காரி. அப்போது திருநெல்வேலி மாவட்டம், 2019-இல் இருந்து தென்காசி மாவட்டம். 1976-இல் இந்தக் கல்லூரியில் பி.யு.சி. சேர்ந்தேன். மழை பெய்தால் செருப்பில் கரிசல் மண் அப்பிக்கொள்ளும். அதோடுதான் பஸ் ஏறி வருவேன். பிறகு நர்ஸ் பயிற்சி, அரசாங்க வேலை, 2018-இல் ஓய்வு. கடைசிப் பதினான்கு வருஷம் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டு. ஆஸ்பத்திரிப் பலகையில் 'ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை' என்று எழுதியிருக்கும். பிளாஸ்டிக் என்றதும் வாளி, குடம் ஞாபகம் வருகிறது ஜனங்களுக்கு. அது கிரேக்க மொழிச் சொல்லிலிருந்து வந்தது. உருவம் கொடுப்பது, வனைவது என்று அர்த்தம். குயவர் செய்கிற வேலை.

இந்த ஆபரேஷனே சினிமாக்காரர்களுக்காக வந்தது என்று நம்மிடையே ஓர் எண்ணம். 1895-இல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்து டாக்டர் செர்னி என்பவர், கட்டி எடுத்ததால் குழிந்துபோன ஒரு பெண்ணின் மார்பை, அவள் முதுகுப்பக்கத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து வைத்து நிரப்பினார். இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதில்தான் இது ஆரம்பித்தது. இப்போது வைக்கிற சிலிக்கோன் பை 1962-இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் வந்தது. குரோனின், ஜெரோ என்ற இரண்டு டாக்டர்கள், டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்ணுக்கு முதன்முதலாக வைத்தார்கள். அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போனது பச்சையை அழிப்பதற்கு. பை வைக்கட்டுமா என்று டாக்டர்கள் கேட்க, 'அதைவிட என் காதைச் சரி பண்ணினால் தேவலை' என்ற நினைப்பு அவருக்கு. கடைசியில் இரண்டையும் செய்தார்கள். கேட்ட காது ஒரு பக்கம், கேட்காத மார்பு ஒரு பக்கம்! யாருக்கு வேண்டும், எதற்கு வேண்டும் என்ற கேள்வி அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது பாருங்கள்.

நம்ம தமிழ்நாட்டில் அந்தக் கேள்வி பெரிதாக வெடித்தது 2018 பிப்ரவரியில். வடசென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், ஏழைப் பெண்களுக்கும் மார்பக ஆபரேஷன் இலவசமாகச் செய்ய ஒரு கிளினிக் தொடங்கினார்கள். அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் சி. விஜயபாஸ்கர். வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின. டெங்குக்கும் காசநோய்க்கும் செலவழிக்க வேண்டிய காசை இதில் போடுவதா என்று ஒரு கட்சி. பணக்காரிக்குக் கிடைப்பது ஏழைக்குக் கிடைக்கக் கூடாதா என்று இன்னொரு கட்சி. நான் ஓய்வு பெற்ற வருஷம் அது. முதல் கட்சி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சொன்னவர்கள் எங்கள் வார்டுக்கு ஒருநாள் வந்து பார்த்திருக்கலாம். புற்றுநோய்க்கு ஒரு மார்பை எடுத்துவிட்டு, ஜாக்கெட்டுக்குள் துணி சுருட்டி வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற பெண்ணிடம் 'உனக்கு அழகு எதுக்கு' என்று கேட்டுப் பார்த்திருக்கலாம்.

துணி சுருட்டி வைக்கிறதைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, 2022-இல் அவளுக்கு இருபத்து மூன்று வயசு. அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்; அடையாளம் தெரியாமல் சிலதை மாற்றியிருக்கிறேன். பிறவியிலேயே வலது கையில் இரண்டு விரல் ஒட்டியிருந்தது. சின்னதிலேயே ஆபரேஷன் செய்து பிரித்துவிட்டார்கள். வயசுக்கு வந்தபின் இடது மார்பு வளர்ந்தது, வலது பக்கம் வளரவேயில்லை. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. சங்கரன்கோவில் கோமதி அம்மன் சன்னதிப் புற்றுமண்ணைக் கொண்டுவந்து தடவினாள். ஹாஸ்டல் வேண்டாம் என்று கல்லூரியைப் பாதியில் விட்டது பொண்ணு. இரண்டு வரன் வந்து, இரண்டையும் இவளே வேண்டாம் என்றாள். ஏன் என்று வீட்டில் அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

அம்மா என்னிடம் வந்து, "மயினி, இவளுக்கு மாருல ஒரு பக்கம் இல்ல மயினி" என்று சொல்லி முடிப்பதற்குள் முந்தானையை வாயில் வைத்து அழுதுவிட்டாள். நான் பொண்ணோட கையைத்தான் முதலில் பார்த்தேன். விரலும் மார்பும் ஒரே பக்கம். அதற்குப் பெயர் இருக்கிறது: போலண்ட் சிண்ட்ரோம். 1841-இல் லண்டனில் ஆல்ஃபிரட் போலண்ட் எழுதி வைத்தது. நெஞ்சுச் சதை ஒன்று ஒரு பக்கம் உருவாகாமலே போய்விடும். பாவமும் இல்லை, சாபமும் இல்லை, கிரகணத்தில் அம்மா வெளியே போனதும் இல்லை. பெயர் இருக்கிறது என்று கேட்டதும் அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தது. "அப்ப வேற ஆளுக்கும் இருக்கா அத்தை?" என்று கேட்டது.

சென்னையில் ஒரு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். முதுகுச் சதை ஒன்றைத் திருப்பி முன்னால் கொண்டுவந்து, அதற்கடியில் சிலிக்கோன் பை வைப்பது என்று முடிவாயிற்று.

இனி தயாராவதற்கு வருகிறேன். தேதி கிடைத்துவிட்டதா, பையைக் கட்டு என்று கிளம்பிவிடக் கூடாது. மார்பு வளர்ச்சி முழுசாக முடிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் வெறும் அழகுக்காக சிலிக்கோன் பை வைக்க 22 வயசு ஆகியிருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கர்ப்பமும் பால்கொடுப்பதும் மார்பின் அளவை மாற்றிவிடும் என்பதால், சீக்கிரமே பிள்ளை பெறுகிற யோசனை இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்று உண்டா என்று கேட்பார்கள், மறைக்காதீர்கள். ஸ்கேன், ரத்தம், சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவாக இருப்பது சாதாரணம்; அதைத் தேற்றவே மாதக்கணக்கில் ஆகலாம். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், நாட்டு மருந்து, லேகியம், சூரணம். 'அது மருந்தில்லையே, கை வைத்தியம்தானே' என்று யாரும் சொல்வதில்லை. மேஜைமேல் படுக்கவைத்தபின் ரத்தம் நிற்காமல் கசியும்போதுதான் தெரியவரும். சிகரெட், பீடி பழக்கம் இருந்தால் பல வாரம் முன்னாலேயே நிறுத்த வேண்டும்; புகை காயத்துக்கு ரத்தம் போகவிடாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியதை நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தக் கம்பெனிப் பை, எங்கே வெட்டுவார்கள், சதைக்கு மேலேயா கீழேயா, கெட்டுப்போனால் யார் எடுப்பது, அதற்கு எவ்வளவு. இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கிற இடத்தில் ஆபரேஷன் செய்துகொள்ளாதீர்கள். வெளியே ஏதோ ஒரு தனியார் கிளினிக்கில் செய்துகொண்டு, ஒரு பக்கம் சீழ் கோத்து, 103 டிகிரி காய்ச்சலோடு எங்கள் வார்டுக்கு ஒரு பொண்ணு வந்தாள். உள்ளே இருப்பது என்ன பை என்று அவளுக்குத் தெரியாது. ஒரு துண்டுச் சீட்டும் கொடுக்கவில்லை. வீட்டுக்கும் தெரியாது; தோழி ஒருத்திதான் கூட வந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சலை வாயைக் கட்டிப் பொறுத்திருக்கிறாள், சொன்னால் வெளியே தெரிந்துவிடும் என்று. பையை எடுத்துவிட்டுத்தான் அவளைக் காப்பாற்ற முடிந்தது.

இதனால்தான் நான் சொல்லுவேன், தயாராவதில் பெரிய வேலை வீட்டில் ஒருத்தரிடமாவது உண்மையைச் சொல்வது. ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை, காயம் ஆறுவதற்காகச் சொல்கிறேன். நம்ம பொண்ணு விஷயத்திலேயே பாருங்கள். ஊருக்கு என்ன சொல்வது என்று அம்மா யோசித்து, "அப்பெண்டிஸ் ஆபரேஷன்னு சொல்லிருதேன் மயினி" என்றாள். நான் கேட்டேன்: "அப்பெண்டிஸுக்கு ஊரு எத்தனை நாளு ஓய்வு கொடுக்கும்? பதினஞ்சு நாளு. பதினாறாம் நாளு அவ அத்தைக்காரி குடத்தை இடுப்புல தூக்கி வைப்பா. இவ வேண்டாம்னா ஏன்னு கேப்பா. இவளுக்கு வேணுங்கறது ஆறு வாரம்." பொய்க்கு எவ்வளவு நாளோ, அவ்வளவு நாள்தான் ஓய்வு கிடைக்கும். கடைசியில் அப்பாவுக்கு முழுசும் சொன்னார்கள். ஊருக்கு, 'நெஞ்சுச் சதையில பிறவிக் குறை, ஆபரேஷன், ஒன்றரை மாசம் கை தூக்கக் கூடாது' என்று சொன்னார்கள். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அப்பா அன்றைக்கே போய்ப் பழைய கட்டிலை எடுத்து, தலைமாட்டை உயர்த்திச் செங்கல் வைத்தார்.

தலைமாடு உயரத்தான் வேண்டும். முதல் வாரங்கள் மல்லாந்து, கொஞ்சம் சாய்ந்தாற்போலப் படுக்க வேண்டும். குப்புறப் படுக்கவே கூடாது. முதல் நாலைந்து நாள் நெஞ்சுமேல் அம்மி வைத்த மாதிரி இருக்கும். சிலருக்கு ரத்தநீர் வடியக் குழாய் போட்டு அனுப்புவார்கள். எவ்வளவு வடிந்தது என்று அளந்து எழுத வேண்டும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகள் நாலு தைத்து வையுங்கள். தலைவழியாக மாட்டுவது முடியாது. ஆஸ்பத்திரியில் சொல்கிற பிராவைத்தான் போட வேண்டும், கம்பி வைத்தது ஆகாது. தலை பின்ன ஒரு ஆள் வேண்டும். குடம், மாவாட்டுவது, துணி பிழிவது, உயரத்துப் பாத்திரம் எடுப்பது, டூவீலர், எல்லாம் டாக்டர் சொல்லும் வரை விலக்கு. ஆனால் படுத்தே கிடக்கவும் கூடாது. வீட்டுக்குள் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் காலில் ரத்தம் உறையலாம்.

பொதிகை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் எடுத்து, சங்கரன்கோவிலில் இறங்கி ஊருக்குக் கூட்டி வந்தோம். ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னேன். நம்ம ரோட்டு வேகத்தடைக்கு அதுதான் மருந்து!

பத்தியமா? கறி, மீன், முட்டை, பருப்பு தாராளமாகச் சாப்பிடலாம். காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்கிற ஆச்சிகளை அன்போடு வெளியே உட்காரவையுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினால், சிவந்து சுட்டால், காய்ச்சல் வந்தால், காயத்தில் நீர் கோத்தால் அன்றைக்கே போக வேண்டும். மூச்சு வாங்கினால், கெண்டைக்கால் வலித்து வீங்கினால் அந்த நிமிஷமே போக வேண்டும். காம்பு மரத்துப்போவது பலருக்கு உண்டு. பெரும்பாலும் மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்பாமலும் போகும். இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. இந்தப் பை ஆயுசுக்கும் வருவதில்லை. சுற்றிலும் தழும்பு இறுகிக் கல்லாகலாம், உள்ளேயே கிழியலாம். கிழிந்தது வெளியே தெரியாமலும் இருக்கலாம். அதனால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சிலிக்கோன் பை வைத்து ஐந்தாறு வருஷத்தில் ஒரு ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒன்று எடுக்கச் சொல்கிறது. 2010-இல் பிரான்சில் ஒரு கம்பெனி மருத்துவத் தரமில்லாத சிலிக்கோனைப் பையில் அடைத்து உலகமெல்லாம் விற்றது வெளியே வந்தது. 2019-இல் சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒரு ரகத்தை, அரிதான ஒருவகை நிணநீர்ப் புற்றுக்குக் காரணமாகிறது என்று உலகம் முழுதும் திரும்பப் பெற்றார்கள். அப்போது யார் யார் தப்பிக்க வழி இருந்தது? எந்தப் பை, என்ன நம்பர் என்று அட்டை வைத்திருந்தவர்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற அந்த அட்டையை ஆதார், ரேஷன் கார்டோடு வையுங்கள்.

பெயரில்லாமல் மூன்று சீட்டு வந்திருக்கிறது. படிக்கிறேன்.

'எண்ணெய், கிரீம், மாத்திரையில் பெரிதாகுமா?' ஆகாது. அந்தக் காசுக்கு நல்ல பிரா வாங்கிக்கொள் தாயி.

'ஆபரேஷன் செய்தால் பால் கொடுக்க முடியுமா?' பலரால் முடிகிறது. காம்பைச் சுற்றி வெட்டினால் பால்குழாய் பாதிக்கப்படலாம். அதனால் மார்பின் கீழ்மடிப்பில் வெட்டச் சொல்லிக் கேட்கலாம். போலண்ட் உள்ளவர்களுக்கு அந்தப் பக்கத்தில் பால் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம், மறுபக்கம் இருக்கும்.

மூன்றாவது சீட்டு: 'மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?' இதற்கு நான் சட்டம் போட மாட்டேன். அந்தப் பிள்ளை என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன். அடுத்து வந்த பையனிடம், நிச்சயத்துக்கு முன்னாலே, அவளே போனில் சொன்னாள். கையைப் பற்றியும் சொன்னாள், நெஞ்சைப் பற்றியும் சொன்னாள், ஸ்கேன் செலவையும் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றவன் திரும்பக் கூப்பிடவில்லை. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பொண்ணு விட்ட படிப்பைத் தபாலில் தொடர்ந்து, போன வருஷம் பட்டம் வாங்கிவிட்டது. இப்போது இன்னொரு வரன் பேசுகிறார்கள். அந்தப் பையனுக்கும் எல்லாம் சொல்லியாயிற்று. அவன் கேட்ட ஒரே கேள்வி, "அடுத்த ஸ்கேன் எப்போ?"