நாற்சந்திப் பூதமும் நள்ளிரவுக் குதிரையும்



இலக்கியத் தொடரிலே ரெலிவிஷன் நாடகத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் சிலப்பதிகாரத்தின் ஒரு பகுதியை எனக்கு விளங்க வைத்தது ஒரு பேய்க்கதைத் தொடர் என்றால் அதைச் சொல்லாமல் இருப்பது சரியல்ல.

1990களின் பிற்பகுதியில் சன் ரீவியில் 'மர்மதேசம்' என்ற பெயரில் ஒரு தொடர் ஒளிபரப்பாகியது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. ஒரே தலைப்பின் கீழ் தனித்தனிக் கதைகள். அமெரிக்காவில் 1959இல் தொடங்கிய 'ட்வைலைற் சோன்' போன்ற தொடர்களில் ஒரு கதை ஒரே இருப்பில் முடிந்துவிடும். நம்மவர்களோ ஒரு கதையை மாதக்கணக்கில் நீட்டினார்கள். 'ரகசியம்', 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை' என்று பல கதைகள் வந்தபோதிலும், இன்றைக்கும் சனங்கள் நினைவில் வைத்திருப்பது 1997, 98 காலப்பகுதியில் வந்த 'விடாது கருப்பு' என்பதைத்தான். இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' என்ற நாவலை நாகா இயக்கினார். சேத்தன், தேவதர்ஷினி முதலானோர் நடித்தனர். நாவலின் தலைப்பு ஒரு மன்றாட்டம். நாடகத்தின் தலைப்பு அதற்குக் கிடைத்த பதில். இந்தப் பெயர் மாற்றத்தைச் செய்தவர் யாராக இருந்தாலும் அவர் தமிழ் தெரிந்தவர். (நாங்கள் வல்லின றகரம் இட்டுக் 'கறுப்பு' என்றே எழுதிப் பழகியவர்கள். சாமியின் பெயர் என்பதால் அவர்கள் எழுதியபடியே விட்டுவிடுகிறேன்.)

நான் இதை முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். குடாநாட்டில் எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் திரும்பியிராத காலம். கொழும்பில் கசெற்றில் பார்த்துவிட்டு வந்த மைத்துனர் ஒருவர், ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி எங்களை இருத்தி, குதிரைக் குளம்பொலியை விரலால் பலகையில் தட்டிக் காட்டியபடி கதை சொன்னார். அன்றிரவு கிணற்றடிக்குப் போக ஒருவருக்கும் துணிவில்லை. பல வருடங்களின் பின் படத்தோடு பார்த்தபோதும் அந்தப் பலகைச் சத்தத்துக்கு அது ஈடாகவில்லை. பயம் கண்ணைவிடக் காதால் வருவது என்பதை வானொலி நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டக்காரமங்கலம் என்றொரு கற்பனைக் கிராமம். அங்கே குற்றம் செய்தவனைக் கருப்புசாமியே இரவில் வெள்ளைக் குதிரையில் வந்து தண்டிக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. மர்மமான சாவுகள் நிகழ்கின்றன. சிறுவன் ஒருவனின் பழைய காலமும், அவன் வளர்ந்துவிட்ட பிந்திய காலமும் மாறி மாறிக் காட்டப்படுகின்றன. ஒரு மனிதனின் உள்ளமே இரண்டாகப் பிளந்துபோகும் மனநோய் கதையின் அடியில் கிடக்கிறது. முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்க வேண்டாம். கால் நூற்றாண்டு கடந்த கதை.

மதுரைக்கு அருகே அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பு இருக்கிறார். மூடிய கதவுக்கே சந்தனம் சாத்தி வழிபாடு. அங்கே வந்து சத்தியம் செய்து வழக்குத் தீர்த்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனுக்கு இந்த மண் பழக்கமானது. நமக்கும் புதிதல்ல. பனங்கூடலுக்குள்ளே ஒரு சூலத்தை நட்டு வைரவர் என்போம். களவு போனால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்யச் சொல்வோம். மண்ணள்ளித் தூற்றிய ஆச்சிமாரை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் என்னைப் பயப்படுத்தியது சாமியல்ல, அந்த ஊர்ச் சனங்கள்தான். செத்தவன் என்ன செய்தான் என்று எவரும் விசாரிப்பதில்லை. கருப்பு அடித்தது, ஆகவே அவன் குற்றவாளி. குற்றத்திலிருந்து தண்டனைக்குப் போகாமல் தண்டனையிலிருந்து குற்றத்துக்குப் போகிறார்கள்.

இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்த கணக்கு. எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் சிறு பிள்ளை. ஒருநாள் காலையில் அம்மா என் கண்ணைப் பொத்தியபடி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்து இழுத்துக்கொண்டு போனா. விரலிடுக்கால் நான் பார்த்துவிட்டேன். கழுத்தில் தொங்கிய மட்டையில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கிற வயது. வாசித்து முடிக்க அம்மா விடவில்லை. பின்னால் வந்த ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "ஏதோ செய்திருப்பான், சும்மா கட்டுவாங்களே?" அவர் கெட்டவர் அல்ல. எங்கள் வீட்டுக்குத் தேங்காய் கொண்டுவந்து தருபவர்.

இனிச் சிலப்பதிகாரத்துக்கு வருவோம். புகார் நகரத்து நாற்சந்தியிலே ஒரு பூதம் நின்றது. போலித் தவத்தோர், மறைவில் நெறி தவறும் பெண்டிர், அரசனுக்குக் கேடு செய்யும் அமைச்சர், பிறர்மனை நாடுவோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர் ஆகிய அறுவகையினரைப் பாசத்தால் கட்டி அடித்துண்ணும். கருப்புசாமிக்கு மூத்த உறவினர் என்றே வைத்துக்கொள்ளலாம். பல காலம் இதை வகுப்பில் ஒரு வியப்பாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஆனால் அடைக்கலக் காதையில் மாடலன் சொல்லும் ஒரு செய்தி உண்டு. கற்புடைய பெண்ணொருத்தி மேல் பொய்க்கரி சொன்ன ஒருவனைப் பூதம் பிடித்துவிட்டது. அவனுடைய தாய் கதறுகிறாள். கோவலன் ஓடிப் பாசத்துக்குள்ளே தானே புகுந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு என்கிறான். பூதம் மறுக்கிறது. தீயவன் உயிருக்கு நல்லவன் உயிரை வாங்கினால் தன் மறுமை கெடும் என்று காரணமும் சொல்கிறது. அவனைக் கொன்றுவிடுகிறது.

கவனியுங்கள், அவன் குற்றமற்றவன் என்று கோவலன் வாதாடவில்லை. குற்றம் பொய்யல்ல. ஆயினும் அந்தத் தாயின் அழுகுரல் அவனுக்குக் கேட்டது. பூதத்தின் எதிரே போய் நின்று பேசவும் முடிந்தது. எது குற்றம் என்பதைப் பூதம் நான்கு காத தூரம் கேட்கக் கூவி அறிவித்திருந்தது. கேள்விக்குப் பதிலும் தந்தது. தோட்டக்காரமங்கலத்துக் குதிரையோடு பேச முடியாது. எங்கள் ஒழுங்கை விளக்குக் கம்பத்திலும் கேட்பதற்கு ஒருவரும் நிற்கவில்லை. பின்னர் அந்தக் கோவலனே மதுரையில் விசாரணையில்லாமல் வெட்டப்பட்டான். "அந்தத் தட்டானை ஏன் சேர் பூதம் பிடிக்கேல்லை?" என்று சென்ற தவணை ஒரு மாணவி கேட்டாள். அது புகாரில் நின்ற பூதம், இது பாண்டிய நாடு என்றேன். வகுப்புச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

இன்னுமொன்று. அடைக்கலக் காதையின் அந்தச் செய்தி பூதத்தோடு முடியவில்லை. கோவலன் செத்தவனின் தாயோடு கூடவே அவள் வீட்டுக்குப் போனான். அவளையும் அவளது சுற்றத்தாரையும் பல ஆண்டுகள் வைத்துக் காப்பாற்றினான். பொய்க்கரி சொன்னவனின் குடும்பத்தை! பரீட்சைக்கு இந்த இடத்தை யாரும் கேட்பதில்லை.

'விடாது கருப்பு' இப்போது யூரியூப்பில் கிடைக்கிறது. படப்பிடிப்புப் பழையது, சில இடங்களில் இழுவையும் உண்டு. இரவில் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். நான் பகலில்தான் பார்த்தேன்.