குதிகாலில் ஒரு துளி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காலைக் காப்பிக்கு முன் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் பெரியோர் நம் காலனியில் வீட்டுக்கு ஒருவரேனும் உளர். அந்தச் சிறு கருவி, குறைமாதக் குழந்தையின் குதிகாலுக்குச் செல்லுங்கால் எவ்வளவு மெய் பேசும் என்பதைப் பச்சிளங் குழந்தைப் பிரிவில் பணியாற்றும் நாங்கள் சிறிது கூற விரும்புகிறோம்.

கருவின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்புப் பெரிதும் நிரம்புவது இறுதி மூன்று மாதங்களில்தான். முன்னரே பிறந்துவிட்ட குழந்தை, கட்டுச்சோறின்றி நெடும்பயணம் புறப்பட்டவரை ஒக்கும். அதன் மூளையோ சர்க்கரையை நம்பி வாழ்வது. டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமை ஒட்டிய அளவிலேயே நாங்கள் விழிப்படைகிறோம்.

இடர்ப்பாடு இங்கேதான். வீட்டுக் கருவிகளுக்கான 2013ஆம் ஆண்டின் உலகத் தரவிதி, 100க்குக் கீழான அளவுகளில் 15 மில்லிகிராம் கூடவோ குறையவோ காட்ட இடந்தருகிறது. நம் தாத்தாவுக்கு அதனால் கேடொன்றுமில்லை. குழந்தைக்கு 45 எனக் காட்டினால், மெய் 30 ஆகவும் இருக்கலாம். 60 ஆகவும் இருக்கலாம். முன்னதற்கு உடனே சிகிச்சை வேண்டும். பின்னதற்கு ஊசியே வேண்டா. மேலும், பிறந்த குழந்தையின் குருதியில் சிவப்பணுக்கள் மிகுதி. அதனால் பல கருவிகள் குறைத்துக் காட்டும். சோகையுற்ற குழந்தைக்கோ கூட்டிக் காட்டும். இந்தப் பொய்யான ஆறுதலையே நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். புதிய கருவிகள் சில இதைத் தாமே கணித்துத் திருத்துகின்றன.

பல்லாண்டுகட்கு முன், 1,400 கிராம் எடையுள்ள பெண் குழந்தை ஒன்றுக்குக் கருவி 92 காட்டிற்று. “குழந்தை துவண்டு கிடக்கிறாளே, டாக்டர்!” என்றார் தாய். நாங்கள் எண்ணை நம்பினோம், தாயை நம்பவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குதிகாலைக் கழுவி மீண்டும் பார்த்தபோது 26! குளுக்கோஸ் நீர் கலந்த கை, கழுவப்படாமல் அக்குதிகாலைத் தொட்டிருந்தது. நரம்பு வழியே குளுக்கோஸ் செலுத்தினோம், குழந்தை பிழைத்தாள். அந்த ஒரு மணி நேரம் எங்களை விட்டு அகலவில்லை.

இப்போது குதிகாலை வெதுவெதுப்பாக்கி, துடைத்து, ஸ்பிரிட் முற்றும் உலர்ந்த பின்னரே குத்துகிறோம். அளவு குறைந்தால் ஆய்வுக்கூடத்துக்கும் குருதி அனுப்புகிறோம். ஆனால் அதன் விடைக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைப்பதில்லை. ஆய்வுக்கூடமும் குற்றமற்றதன்று: குழாயில் காத்திருக்கும் குருதியில் அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். ஆகவே ஃபுளோரைடு இட்ட குழாயில் விரைந்து அனுப்ப வேண்டும். இரண்டு இடத்திலும் இரண்டு எண் வந்தால், செவிலியர் மேல் சினங்கொள்ளாதீர்கள்.

“எங்கள் வீட்டுக் கருவியிலேயே பேரனுக்குப் பார்க்கலாமே?” என்று இச்சங்கத்துப் பாட்டியார் ஒருவர் கேட்டார். வேண்டா, அம்மா. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டாலோ, கைகால் வெட்டி இழுத்தாலோ, கருவியைத் தேடாமல் அந்நேரமே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள்; வரும் வழியெல்லாம் மார்போடு அணைத்து வெதுவெதுப்பாக வைத்திருங்கள்.