நீட்டினால் நீளும் மின்சுற்று

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லேப் ரெக்கார்டை ஒரு நாளும் நேரத்துக்குக் கொடுக்காதவன் நான் என்பது அவருக்கு மறக்கவில்லை!

கான்சாபுரத்தில் என் அம்மாவுக்கு அடிக்கடி மயக்கம் வந்தது. "இருபத்துநாலு மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிவு செஞ்சு பார்க்கணும்" என்று மதுரையில் டாக்டர் ஹோல்டர் கருவியைக் கட்டி அனுப்பினார். மார்பில் ஒட்டிய வில்லைகள், அவற்றிலிருந்து வயர்கள், இடுப்பில் ஒரு பெட்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி ஊர் போய்ச் சேர்வதற்குள் வேர்வையில் இரண்டு வில்லைகள் கழன்றுவிட்டன. அம்மா தானே பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டார். விடியற்காலையில் மயக்கம் வந்தது. பதிவில் அந்த நேரம் வெறும் கிறுக்கல். இன்னொரு தடவை கட்டிக்கொள்ள அம்மா சம்மதிக்கவில்லை. அடுத்த ஆடிப்பூரத் தேருக்கு அம்மா இல்லை.

யார் மேலும் தப்பில்லை. உடம்பு அசையும், வேர்க்கும், நீளும். கருவி அப்படி இல்லை. அவ்வளவுதான்.

நம் தோல் சுமார் 30 சதவீதம் வரை நீண்டு சுருங்கும். சிலிக்கானோ 1 சதவீதம் நீட்டினாலே உடைந்துவிடும். இரண்டையும் எப்படி ஒட்ட வைப்பது?

முதல் வழி, மெலிசாக்குவது. தேக்குப் பலகை வளையாது. அதே மரத்தில் இழைப்புளி சீவிய சுருள் விரலில் சுற்றிக்கொள்ளும். சிலிக்கானும் அப்படித்தான். இரண்டாவது வழி, கம்பியைப் பாம்பு போல நெளித்துப் போடுவது. இழுத்தால் நெளிவு நிமிரும். உலோகம் நீள வேண்டியதில்லை. 2011-ல் ஜான் ரோஜர்ஸ் தலைமையிலான குழு இந்த இரண்டையும் சேர்த்துச் செய்த ஒரு மெல்லிய படலத்தை 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. குழந்தைகள் கையில் ஒட்டிக்கொள்ளும் டாட்டூ போல அது தோலில் படிந்து, இதயம், மூளை, தசை இவற்றின் மின்துடிப்பை அளந்தது.

"இதுல புதுசா என்ன இருக்கு?" என்று நம்ம ஊர்த் தறிக்காரர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். பனியன் ஏன் நீளுகிறது? நூல் நீளுவதால் அல்ல, கண்ணிகள் உருமாறுவதால். ரப்பர் இல்லாத கிரேப் பேண்டேஜ் ஏன் நீளுகிறது? அதிக முறுக்கேற்றிய பருத்தி நூல் சுருங்கி நிற்பதால். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜவுளிக்காரர் இந்தத் துறைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்த சுந்தரேசன் ஜெயராமன், அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் பேராசிரியர். அமெரிக்கக் கடற்படையின் நிதியில் 1996-ல் அவர் தொடங்கிய வேலை ஒரு சட்டை! அதில் ஒளியிழையைச் சுற்றிச் சுற்றி நெய்தார்கள். குண்டு துளைத்தால் இழை அறுந்து ஒளி தடைப்படும். காயம் பட்டது தெரிந்துவிடும். வெட்டித் தைத்தால் இழை அறுமே என்று, கை நுழையும் துளையோடு ஒரே துண்டாக நெய்தார்கள். இதயத் துடிப்பையும் சுவாசத்தையும் அளக்கும் சென்சார்களையும் அதில் மாட்டலாம். எலக்ட்ரானிக்ஸ் சிக்கலுக்குத் தறியில் விடை கிடைத்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. மெத்தென்ற கம்பி கெட்டியான சிப்போடு சேரும் இடத்தில் விட்டுப்போகிறது. துவைத்தால் கெடுகிறது. உடம்பு அசைந்தால் சிக்னல் குழம்புகிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் நெகிழ் மின்னணுவியலுக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. ஆனாலும் வேர்வையைப் பற்றி ஏ.சி. அறையில் எவ்வளவுதான் கற்றுக்கொள்ள முடியும்?

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களை ஒரு வாரமாவது சத்திரப்பட்டித் தறிகளுக்கு அனுப்புவோம். அந்தச் செலவில் என் பங்கை இன்றே தருகிறேன். அவர்கள் செய்கிற பட்டைக்குப் பரீட்சை நான் வைக்கிறேன்: சித்திரை வெயிலில், மதுரையிலிருந்து கான்சாபுரம் வரை பஸ்ஸில், ஒரு வில்லைகூடக் கழலக் கூடாது.