பாட நூலும் திருத்தச் சீட்டும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டு நாங்கள் நால்வர் ஒரு காரியத்தில் இறங்கினோம். மூவர், கல்லூரிப் படிப்பை முடித்து வேலை தேடிவந்த நம் காலனி இளைஞர்கள். நான்காமவர், மெட்ரிகுலேஷனோடு நின்று, ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து, இப்போது உங்கள்முன் நிற்பவர். நம் நூலகப் பேரேட்டை எலி தின்று வருவதைத் தாங்கள் அறிவீர்கள். எந்த நூல் எவர் வீட்டில் இருக்கிறது என்பதை யாவரும் காணும்படி ஒரு வலைத்தளம் அமைத்தால் சங்கத்திற்கும் பயன், இளைஞர்க்கும் தொழிற்பயிற்சி என்று கருதினோம்.

அதற்கு ஜாங்கோ என்னும் சட்டகத்தைத் தேர்ந்தோம். வலைத்தளம் கட்டுவோர் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து தொடங்காதிருக்க, பைத்தான் மொழியில் முன்னரே அமைத்து வைத்த கட்டுக்கோப்பு அது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி, 2005 ஜூலையில் இலவசமாக வெளியிடப்பட்டது.

பழைய புத்தகக் கடையில் முந்நூறு ரூபாய்க்குத் தடித்த நூல் ஒன்று கிடைத்தது. அச்சு நேர்த்தி, அட்டை அழகு, மகிழ்ந்து வாங்கினோம். மூன்றாம் அதிகாரத்தில் கணினி மறுத்துவிட்டது. 'யூ.ஆர்.எல்.' என்ற பெயரை இறக்க முடியவில்லை என்றது. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம்; பிழை இல்லை. காணொளிகளைத் தேடினோம், ஒன்று சொன்னதை மற்றொன்று மறுத்தது. இரண்டு மாதம் இப்படிக் கழிந்தது. இளைஞருள் ஒருவர், "எனக்கு இதற்கான மூளை இல்லை சார்" என்று சொல்லி வருவதையே நிறுத்திவிட்டார்.

பிறகுதான் நூலின் முதல் பக்கத்தைப் பார்த்தோம். 2016-இல் அச்சானது, ஜாங்கோவின் 1.9 பதிப்புக்கு எழுதியது. எங்கள் கணினியில் இருந்ததோ 2025 ஏப்ரலில் வந்த 5.2. 2017 டிசம்பரில் 2.0 வந்தபோதே 'பாத்' என்ற புதிய முறை புகுந்துவிட்டது. பழைய முறை விலக்கப்படும் என்று 2020-இல் அறிவித்து, 2021 டிசம்பரில் வந்த 4.0-இல் அதை நீக்கியே விட்டார்கள்.

பார்சல் ஆபீஸில் எந்தக் குமாஸ்தாவும் கட்டண நூலைத் திறந்ததும் கடைசியாக ஒட்டிய திருத்தச் சீட்டின் எண்ணைத்தான் பார்ப்பார். பாராமல் கட்டணம் போட்டால் குறைந்த தொகை தம் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். இருபது ஆண்டு சீட்டு ஒட்டிய கை, மாலையில் அந்தப் பழக்கத்தை மறந்துபோனதே என்று வெட்கப்பட்டோம்.

ஜாங்கோவின் திருத்தச் சீட்டுகள் அதன் சொந்தத் தளத்திலேயே, 'வெளியீட்டுக் குறிப்புகள்' என்ற பெயரில், பதிப்பு வாரியாக இருக்கின்றன. அங்குள்ள விளக்கவுரையில் ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் அது எந்தப் பதிப்புக்கு உரியது என்று குறித்திருக்கிறது. வேண்டிய பதிப்புக்கு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். எட்டுப் பகுதிகளாக உள்ள தொடக்கப் பாடம், கேள்வி கேட்டு வாக்குச் சேர்க்கும் சிறு தளம் ஒன்றைக் கட்டச் சொல்கிறது. அதை முடித்தபின் மொசில்லா நிறுவனத்தாரின் எம்.டி.என். தளத்துப் பாடத்திற்குச் சென்றோம். அவர்கள் மாதிரியாகக் கட்டுவது எது தெரியுமா? ஓர் உள்ளூர் நூலகம்! நூல், ஆசிரியர், இரவல் வாங்கியவர், திருப்பித் தரவேண்டிய நாள் யாவும் அதில் உண்டு. இரண்டு பாடங்களுக்கும் காலணா செலவில்லை.

இதற்கிடையில் கடைவீதிப் பயிற்சி நிலையம் ஒன்றில் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்டார்கள். எந்தப் பதிப்பைக் கற்பிக்கிறீர்கள் என்று வினவினோம். முதலில் பணம் கட்டுங்கள் என்றார்கள். வணக்கம் சொல்லித் திரும்பினோம்.

விலகிய தம்பியின் வீட்டிற்குச் சென்று, 4.0-இன் வெளியீட்டுக் குறிப்பில் அந்த ஒற்றை வரியைக் காட்டினோம். இரண்டு முறை படித்தார். அவர் அன்னையார்தாம் முதலில் பேசினார்: "அப்படியானால் தப்பு இவன்மேல் இல்லையா?" இப்போது அவர் ஷிப்டு வேலையில் இருக்கிறார், ஓய்வு நாளில் தவறாமல் வருகிறார். இரவல் பகுதி முழுவதும் அவர் எழுதியதே.

இதுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு நூல்கள் ஏறியுள்ளன. அந்தப் பழைய நூலை எறியவில்லை. தரவுகளை அட்டவணைகளாகப் பிரிக்கும் அதிகாரம் இன்றும் நன்றாகவே உதவுகிறது. முதல் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒன்று ஒட்டி, இரண்டாம் அலமாரியில் வைத்திருக்கிறோம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நூலக அறை திறந்திருக்கும்.