ஏணியின் கீழ்ப்படிகள்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வி வளர்க்கும் கழகத்தின் வெள்ளி விழாவில் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். பொருந்தாப் பேச்சென்று சிலர் கருதக்கூடும். ஆனால், நம் தெருக்களில் பந்தெறியாத பிள்ளை இல்லை. பந்தெறிந்தே பிழைத்துவிடலாம் என்று கனவு காணும் இளைஞரும் பலர். அக்கனவை இகழ்தல் தகாது. அதற்கு வழி கூறாதிருத்தல் அதனினும் தகாது. ஆகவே, புகழேணியின் உச்சியை விடுத்து, அதன் கீழ்ப்படிகளைப் பற்றிப் பேச விழைகின்றோம். விளையாட்டைத் தொழிலாகக் கொண்டோருள் மிகப் பலர் அப்படிகளில்தான் வாழ்கின்றனர்; பருவந்தோறும் அணி மாறி, ஊர் மாறி, அடுத்த ஆண்டு யார் அழைப்பார் என்று காத்திருக்கின்றனர்.

கூடைப்பந்தில் ஒருவரைக் காண்போம். பஞ்சாபின் பல்லோ கே என்னும் சிற்றூரில் 1995-இல் பிறந்தவர் சத்னாம் சிங். உயரம் 7 அடி 2 அங்குலம். 2010-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றார். 2015-இல் அந்நாட்டுத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் ஆட்டக்காரர் தேர்வில் 52-ஆம் இடத்தில் டல்லஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்தோருள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே. நாடு கொண்டாடியது. ஆயினும், முதன்மைத் தொடரில் அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. டல்லஸைச் சார்ந்த டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்னும் கீழ்நிலை அணியில் இரு பருவங்கள் இருந்தார். பின்னர்க் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணிக்குச் சென்றார். 2020-இல் ஊக்கமருந்து விதிமீறலுக்காக 2 ஆண்டுத் தடைக்கு உள்ளானார். அதன்பின் தொழில்முறை மல்யுத்த அரங்கிற்கு மாறினார்.

இரு படிகளுக்கிடையே உள்ள தொலைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2015-16 பருவத்தில் அமெரிக்கக் கீழ்நிலைத் தொடரின் ஆட்டக்காரருக்குப் பருவச் சம்பளம் 13,000 முதல் 25,000 டாலர் வரை. அதே பருவத்தில் மேல்நிலைத் தொடரின் மிகக் குறைந்த சம்பளமே 5,25,000 டாலர். திறமையில் ஒரு சாண் இடைவெளி. வருவாயிலோ இருபது மடங்கு!

நம் நாட்டு நிலை வேறு. கோவையில் கூடைப்பந்துக்கு நீண்ட மரபு உண்டு. இங்கு நடைபெறும் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைப் போட்டியைப் பார்த்தவர்கள், ஆட்டக்காரர் சட்டைகளில் எழுதியிருக்கும் பெயர்களைக் கவனித்திருப்பீர்கள். இந்தியக் கடற்படை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தென்னக ரயில்வே என்றிருக்கும். அஃதாவது, ஆட்டக்காரரைக் காப்பது அலுவலக வேலை. அவ்வேலைக்கு ஆட்டத்தோடு கல்வித் தகுதியும் வேண்டும். பத்தாம் வகுப்பில் படிப்பை விட்டவன் எத்துணைத் திறமையாகப் பந்தைக் கூடையில் இட்டாலும் அக்கதவுகளுள் பல அவனுக்குத் திறப்பதில்லை.

இனி, நம் கொங்கு மண்ணின் மைந்தர் ஒருவரைக் காண்போம். ஆட்டம் கிரிக்கெட், ஆனால் ஏணி ஒன்றே. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்தவர் நடராசன். தந்தை தறித் தொழிலாளி. தாயார் சாலையோரக் கடை வைத்திருந்தவர். இருபது வயது வரை டென்னிஸ் பந்திலேயே ஆடியவர். செயப்பிரகாசு என்னும் ஊர்க்காரர் அவர் திறமையை அறிந்து சென்னைக்கு வழிகாட்டினார். 2010-11-இல் நான்காம் பிரிவுத் தொடரில் பி.எஸ்.என்.எல். அணி, அடுத்து முதற் பிரிவில் விசய் கிரிக்கெட் கழகம், அதன்பின் சாலி ரோவர்ஸ். 2015 சனவரியில் தமிழ்நாட்டு அணிக்காக ரஞ்சிப் போட்டியில் ஆடினார். உடனே பந்துவீச்சு முறையில் ஐயம் எழுப்பப்பட்டது. கையசைவையே மாற்றிப் புதிதாகப் பழக வேண்டியதாயிற்று.

2016-இல் திண்டுக்கல் அணியில் பெயர் பெற்றார். 2017-இல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அடுத்த ஆண்டே விலை 40 இலட்சமாயிற்று. ஐதராபாத் அணியில் 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் ஓர் ஆட்டத்திலும் இறங்காமல் அமர்ந்திருந்தார். 2020-இல் வாய்ப்பு வந்தது. 16 ஆட்டங்களில் 16 விக்கெட் வீழ்த்தினார். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்றவர், 2020 திசம்பரில் கான்பெராவிலும் 2021 சனவரியில் பிரிஸ்பேனிலுமாக மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2023-இல் தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். தாம் ஏறிய ஏணியைப் பிறர்க்கும் சாய்த்து வைத்த அச்செயலை, அவர் வீழ்த்திய விக்கெட்டுகளினும் மேலாகக் கருதுகின்றோம்.

நம் முன்னோர் ஏறிய ஏணியிலோ இன்னொரு தடையும் இருந்தது. பல்வங்கர் பாலு புணேயில் வெள்ளையர் சங்கத்தின் மைதானத்தில் மாதம் 4 ரூபாய்க் கூலிக்கு உருளை இழுத்தும் வலை கட்டியும் வாழ்ந்தவர். தீண்டாதார் எனப்பட்ட குலத்தில் பிறந்த அவர்க்குத் தேநீர் வெளியில், மண் குவளையில் தரப்பட்டது. அவரே 1911-இல் இங்கிலாந்து சென்று 114 விக்கெட் வீழ்த்தினார். அவருக்கும் நிலையான சோறிட்டது ரயில்வே வேலைதான். இந்து அணியின் தலைமை மட்டும் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. 1923-இல் அவர் தம்பி விட்டலுக்கே கிட்டியது. அண்ணன் இழைத்த கயிற்றைப் பிடித்துத் தம்பி ஏறினார் என்று சொல்லலாம்.

இளைஞர்களே! இவர்கள் வாழ்வு உணர்த்துவது யாது? ஒவ்வொரு படியிலும் நிற்பதற்கு ஒரு கூலி வேண்டும்; ஏற்றிவிட ஒரு கை வேண்டும்; தவறி விழுந்தால் தாங்கக் கல்வி வேண்டும். இம்மூன்றும் இன்றி வெறும் திறமையை நம்பி ஏறுதல் பேதைமை. ஆடுங்கள், ஆனால் தேர்வு நாளில் தேர்வறையில் இருங்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காட்டு ஒதுக்கீடு உண்டு என்பதை அறிந்து, சான்றிதழ்களைத் தொலைக்காமல் வையுங்கள்.

கழகத்தாரிடமும் ஒரு விண்ணப்பம். பதினெட்டாம் வயதில்தான் நம் பிள்ளைகளின் ஆட்டம் நிற்கின்றது. திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை தோறும் கைக்கு வரும் கூலியை வீடு எதிர்நோக்குகின்றது. அதற்காகப் பெற்றோரைக் குறை கூறுவார் யார்? அந்தப் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வரையிலான நான்கு ஆண்டுகளைத் தாங்குவதற்குக் கழகம் ஒரு நிதி காணல் வேண்டும். காலணி, பேருந்துக் கட்டணம், கல்லூரிக் கட்டணம் ஆகிய மூன்றுக்கு அது போதும். ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று அதனைச் சுருக்கிவிடலாகாது. நிதி பெற்றவர் வேலையில் அமர்ந்ததும் மற்றொரு பிள்ளையின் செலவை ஏற்கட்டும்.

அனைவரும் உச்சியை அடைய மாட்டார்கள். நான்காம் பிரிவிலேயே ஆடி, ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, மாலையில் தெருப்பிள்ளைகளுக்குப் பந்து பழக்குபவரும் வெற்றி பெற்றவரே. அத்தகையோர் பத்துப் பேரை நம் கழகம் உருவாக்குமாயின், அடுத்த கால் நூற்றாண்டுக்கு அதுவே சிறந்த தொண்டாகும்.