குப்பையும் நிலமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் நம் சங்க மண்டபத்தில் நடந்த திருமணத்திற்கு மறுநாள் யாம் அவ்வழியே செல்ல நேர்ந்தது. கொல்லைப்புறத்தில் எச்சில் இலைகளும், பிளாஸ்டிக் குவளைகளும், உடைந்த சீசாக்களும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. துப்புரவுப் பணி செய்யும் அம்மையார் ஒருவர் கையுறையுமின்றி அவற்றை வாரி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ‘இவை எங்கே போகும், அம்மா?’ என்றோம். ‘மேட்டுக்குத்தான் ஐயா’ என்றார். முன்னாள் யாம் உண்ட இலையும் அக்குவியலில் இருந்ததன்றோ! அம்மேட்டைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகின்றோம்.

குப்பை என்னுஞ் சொல் பண்டு குவியலையே குறித்தது. நெற்குவியலும் குப்பை எனப்பட்டது. இன்றும் நம் உழவர் வயலுக்குக் குப்பை அடித்தல் என்பது எருவிடுதலையேயாம். பிரித்து வைத்தால் எரு. கலந்து கொட்டினால் நஞ்சு. இதுவே யாம் சொல்லவந்ததன் சாரம்.

ஊர்ப்புறத்துக் குப்பைமேடு வேறு. முறைப்படி அமைத்த நிலநிரப்பிடம் வேறு. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவிலுள்ள பிரெஸ்னோ நகரில், 1937ஆம் ஆண்டில், ஜீன் வின்சென்ஸ் என்னும் பொறியாளர் அகழி வெட்டிக் குப்பையிட்டு, அதனை இறுக்கி, அன்றன்றே மண்ணால் மூடும் முறையைத் தொடங்கினார். ஈயும் எலியும் நாற்றமும் குறைந்தன. பல நகரங்கள் அதனைப் பின்பற்றின. ஆயினும் மேலே மூடியது போதவில்லை. அவ்விடம் 1987இல் மூடப்பட்டு, 1989இல் அந்நாட்டின் மாசுற்ற இடங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

காரணம் யாதெனின், கூறுதும். மழைநீர் குப்பையினூடே இறங்குங்கால், அழுகலின் சாரத்தையும் உலோக நஞ்சுகளையும் கரைத்துக்கொண்டு கரிய கசிவுநீராய்க் கீழே செல்லும். சென்று கிணற்று நீரைக் கெடுக்கும். ஆதலின் இக்காலத்து நிலநிரப்பிடத்தில் முதற்கண் களிமண்ணை இறுக்கிப் பரப்புவர். அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் சரளைக்கல்லும் துளையிட்ட குழாய்களும். அக்குழாய்வழி வருங் கசிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிப்பர். காற்றுப்புகாது புதைந்த உணவும் இலையும் அழுகி மீத்தேன் என்னும் எரிவாயுவை உண்டாக்கும். அதனையும் குழாய்வழி இழுத்து எரிப்பர். சிலவிடங்களில் அதனின்று மின்சாரமும் ஆக்குவர். நிரம்பியபின் மூடி, பல்லாண்டுகள் காவல் செய்வர். புதைத்தவுடன் பொறுப்புத் தீர்ந்ததில்லை என்று அறிக.

இவையொன்றுமின்றிக் குவித்த மேடு என்ன செய்யும்? கொழும்பு நகரையடுத்த மீதொட்டமுல்லையில், 2017 ஏப்ரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சென்னையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற் குவிந்த பெருங்குடி மேட்டில், 2022 ஏப்ரலில் மூண்ட தீ பல நாள் எரிந்து, சுற்றுப்புறத்தைப் புகையால் நிறைத்தது. மேட்டருகே குடியிருப்போர் பெரும்பாலும் ஏழைகள். விருந்து ஓரிடம்; வினைப்பயன் வேறிடம்! இது நியாயமாமோ?

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்குவோரே மட்கும் ஈரக்குப்பை, உலர்குப்பை, வீட்டில் உண்டாகும் தீங்குதரு கழிவு என மூவகையாய்ப் பிரித்தளிக்க விதித்தன. எவ்வகையிலும் பயன்படாத எச்சமே நிலநிரப்பிடஞ் சேரவேண்டுமென்றும் வரையறுத்தன. எனவே நிலநிரப்பிடம் வேண்டுவதே. ஆனால் அது கடைசிப் புகலிடமாக இருத்தல் வேண்டும், முதற்புகலிடமாக அன்று.

ஆதலின் இவ்வவைக்கு எம் விண்ணப்பம் இது. மண்டபத்தில் மூன்று தொட்டிகள் வைப்போம். கொல்லையில் எருக்குழி வெட்டி, இலையையும் எஞ்சிய உணவையும் மண்ணிட்டு மட்கச் செய்வோம். அங்குள்ள தென்னைகளுக்கே அவ்வெரு ஆகும். பிளாஸ்டிக் குவளையை விலக்கி வெண்கலக் குவளையோ எவர்சில்வர்க் குவளையோ வாங்குவோம். செலவை மண்டப வாடகையில் ஈடு செய்யலாம். தாய்மார்களே! இல்லத்திலும் இதனைத் தொடங்குதல் நும் கையிலும், நும் கணவர் மக்கள் கையிலும் ஒருங்கே உள்ளது.

அடுத்த திருமணத்தின் மறுநாள் அவ்வம்மையார் வருங்கால், கைந்நனையாது அள்ளத்தக்க உலர்குப்பை மட்டுமே அங்கிருப்பின், நம் சங்கம் அவருக்குச் செய்த மரியாதை அதுவாகும்.